கட்சால் தீவின் கதிரும் கண்ணின் கதையும்



2000ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள். நம் நாட்டு நேரம் காலை 5 மணி 30 நிமிடம். அப்பொழுது இங்கிலாந்தின் கிரீனிச்சில் நள்ளிரவு 12 மணி. உலகம் காலத்தை அளப்பதற்கு அடிப்படையாகக் கொண்ட அந்தக் கணக்கின்படி புத்தாண்டு பிறந்த அதே வேளையில் ஞாயிறு எவ்விடங்களில் உதயமாகின்றது என்று வானநூலார் கணக்கிட்டனர். அவ்வுதயக் கோடு நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கட்சாலைத் தொட்டுச் சென்றது. புதிய ஆயிரமாண்டு தொடங்குவது 2000இலா 2001இலா என்ற வழக்கு ஒருபுறம் நடந்தது. பசிபிக் மாகடலின் தீவுகள் சில, தேதிக் கோட்டைச் சான்று காட்டி, முதல் உதயம் தமக்கே உரியது என்று வாதாடின. எவ்வாறாயினும், அதுவரை வரைபடத்தில் தேடிக் காண வேண்டியிருந்த ஒரு சிறு தீவின் பெயர் அந்நாளில் உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

சில ஆண்டுகளுக்கு முன், அலுவலின் பொருட்டு அத்தீவுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அந்நாளில் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற தலைநகரிலிருந்து, தெற்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் கப்பற்பயணம். பழங்குடி மக்களின் பாதுகாப்புக்காக 1956இல் இயற்றப்பட்ட விதிகளின்படி, அனுமதிச் சீட்டு பெற்றே அங்கு இறங்க இயலும். நிக்கோபார் மக்களின் தீவு அது. ஆயினும் அங்குத் தமிழ்க்குரலும் கேட்கும். 1964ஆம் ஆண்டின் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, ரப்பர்த் தோட்ட வேலைக்காக இத்தீவில் குடியமர்த்தப்பட்டன.

அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த முதியவர் ஒருவரைக் கடற்கரையில் சந்தித்தோம். தோட்டத்தில் நெடுங்காலம் பால்வெட்டி ஓய்ந்தவர். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் குடியேறிய தம் தங்கை எழுதிய கடிதம் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நாம் தமிழில் எழுதிப் பிழைப்பவர் என்று அறிந்ததும், அதனை நம்மிடம் கொடுத்துப் படித்துக் காட்டும்படி கேட்டார். நாமோ கண்ணாடியைக் கப்பலிலேயே மறந்து வந்திருந்தோம். கடிதத்தைக் கைநீளம் தள்ளிப் பிடித்தோம், வெயிலுக்குத் திருப்பினோம். எழுத்துகள் நீலக் கறையாக மிதந்தனவேயன்றிச் சொற்களாகவில்லை. முதியவர் நகைத்தார். “விடுங்க ஐயா. கடலைப் பார்க்க நமக்குக் கண்ணாடி வேண்டாம். காகிதத்தைப் பார்க்கத்தான் வேண்டும்” என்றார். பிறகு தம் பேத்தியை அழைத்தார். எட்டு வயதுச் சிறுமி ஓடி வந்து, கடிதத்தை முகத்தருகே பிடித்து, ஒரு மூச்சில் படித்து முடித்தாள்.

நாற்பதைக் கடந்தோருக்கு வரும் இக்குறையை நம் முன்னோர் ‘வெள்ளெழுத்து’ என்றனர். சாளேசுரம் என்பது மற்றொரு பெயர். அது நாற்பது என்று பொருள்படும் ‘சாலீஸ்’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது என்பர். வடபுலத்தில் வாழும் நம் நேயர்கள் அச்சொல்லை நாள்தோறும் கடைத்தெருவில் கேட்கின்றனர். அதுவே தம் கண்ணாடிக்குள்ளும் ஒளிந்திருப்பதை அறியார். இனி, நம் சிந்தனையைத் தூண்டியது முதியவரின் சொல். பல கல் தொலைவிலுள்ள அடிவானம் பாடுபடாமலே தெளிவாகத் தெரிகின்றது. கையிலுள்ள காகிதம் தெரியவில்லை. தொலைவு எளிதாகவும் அண்மை அரிதாகவும் இருப்பது ஏன்? இக்கேள்விக்கு விடை காண மனித குலத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

கண் எவ்வாறு காண்கின்றது என்று பண்டையோர் எண்ணியபோது, கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்றே பலரும் கருதினர். கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கக் கணித மேதை யூக்லிட், கண்ணிலிருந்து கதிர்கள் நேர்கோட்டில் விரிவதாகக் கொண்டு ஒளியியலை வகுத்தார். நம் நாட்டு நையாயிகரும், கண்ணின் ஒளிக்கதிர் வெளியே சென்று பொருளை அடைவதாலேயே காட்சி உண்டாகிறது என்று வாதிட்டனர். பௌத்தர் அதனை மறுத்தனர். நம் தாய்மொழியிலும் அப்பழங்கொள்கையின் சுவடு அழியாமல் இருக்கின்றது. பார்வை பாய்கிறது, கண் படுகிறது, கண்ணேறு கழிக்கிறோம். இரக்கத்தைக் குறிக்க வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குக் ‘கண்ணோட்டம்’ என்று பெயரிட்டார். பிறர்மேல் கண் ஓடுவதே அருள் என்பது எத்துணை அழகிய எண்ணம்! மொழியில் அது அழகுதான், உடற்கூற்றில் உண்மையன்று.

அதனை முறைப்படி மறுத்தவர், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்ரா நகரில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் என்னும் அராபிய அறிஞர். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று மிக எளியது. ஞாயிற்றை உற்று நோக்கினால் கண் வருந்துகின்றது. கண்ணை மூடிய பின்னும் அதன் சுவடு சிறிது நேரம் நிற்கின்றது. காட்சி என்பது கண் வெளியே எறியும் பொருளாயின், கண் ஏன் வருந்த வேண்டும்? ஆதலின் ஒளி வெளியிலிருந்து கண்ணுள் நுழைகின்றது என்றார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய ஒளியியல் நூல், ஏறக்குறைய 1200ஆம் ஆண்டளவில் இலத்தீன் மொழிக்குச் சென்றது. 1572இல் பேசல் நகரில் அச்சேறியது. அந்த இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் இன்னார் என்று உறுதியாக அறியப்படவில்லை. நம்மைப் போன்று பிறர் எழுத்தை மொழிபெயர்த்தே காலம் கழிப்போருக்கு இச்செய்தி ஒருவகை ஆறுதலாகும். பெயர் தெரியாத அவர் எழுதுகோல் இல்லையேல், ஐரோப்பாவின் ஒளியியல் இன்னும் பல காலம் தாழ்ந்திருக்கும்.

ஒளி உள்ளே நுழைகின்றது என்பது தெளிவான பின்னும் ஒரு தடை இருந்தது. கண்ணின் நடுவிலுள்ள பளிங்கு போன்ற வில்லையே காட்சியின் இருப்பிடம் என்று எல்லாரும் நம்பினர். இப்னு அல் ஹைதமும் அவ்வாறே நம்பினார். வியப்பு என்னவெனில், அந்நம்பிக்கைக்கு எதிரான சான்று நம் நாட்டில் பண்டே இருந்தது. கண்புரை கொண்டவரின் கண்ணில் கருவியைச் செலுத்திப் புரையை விலக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கின்றது. புரை என்பது மங்கிப்போன வில்லையே என்பதை மருத்துவ உலகம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் தெளிந்தது. வில்லை விலகிய பின்பும் நோயாளி ஒளியையும் உருவத்தையும் ஓரளவு கண்டார் எனில், காட்சியின் இருப்பிடம் வில்லை ஆகாது. ஆனால் எவரும் அவ்வாறு கேட்கவில்லை. நோயைத் தீர்க்கும் கை இருந்தது. நலமான கண்ணைப் பற்றிக் கேள்வி எழுப்பும் வழக்கம் அப்போது பிறக்கவில்லை.

1583இல் பேசல் நகரத்து மருத்துவர் பெலிக்ஸ் பிளாட்டர், காட்சியின் இருப்பிடம் கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையே என்று எழுதினார். 1604இல் வானநூல் மேதை யோகான்னஸ் கெப்ளர் அதனைக் கணிதத்தால் நிலைநாட்டினார். ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் விரிந்து வரும் கதிர்கள், கண்ணுள் வளைந்து, விழித்திரையில் மீண்டும் ஒரு புள்ளியாகக் குவிகின்றன. அங்ஙனம் உண்டாகும் உருவம் தலைகீழானது. தலைகீழ் உருவத்தை மனம் எவ்வாறு நேராக உணர்கின்றது என்பதை அவர் ஒளியியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஒதுக்கினார். தம் கணக்கு காட்டியதைத் தயங்காமல் எழுதிய அத்துணிவே பெரிது. கெப்ளர் இளமையில் அம்மை நோயால் பார்வை நலிந்தவர். இயல்பான கண் எவ்வாறு காண்கின்றது என்பதை உலகுக்கு முதலில் சரியாக உரைத்தவர், அவ்வியல்பான கண்ணைப் பெறாதவர்.

கெப்ளரின் கணக்கைக் கண்ணாரக் காண வழியுண்டா? உண்டு என்றனர் பின்வந்தோர். 1637இல் வெளியான தம் நூலில் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்து அதனை விவரித்தார். இறந்த காளையின் கண்ணை எடுத்து, அதன் பின்புறச் சுவரைச் சிறிது நீக்கி, அவ்விடத்தில் மெல்லிய காகிதத்தையோ முட்டைத் தோட்டையோ பொருத்தி, இருட்டறையின் துளையில் வைத்தால், வெளியிலுள்ள காட்சி சிற்றுருவமாய்த் தலைகீழாகத் தோன்றும். மரமும் வீடும் வானமும் ஒரு முட்டைத் தோட்டின் மேல் வந்து விழுந்ததைக் கண்டவர் எவரும் கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்று பிறகு வாதாடியிருக்க மாட்டார்.

இனி, இயல்பான கண் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சற்று நோக்குவோம். வளர்ந்தவரின் கண் முன்பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளமுடையது. முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி போல வளைந்து தெளிந்திருப்பது கருவிழிப் படலம். அதன் பின்னே கண்மணி என்னும் துளை, அதற்கும் பின்னே விழி வில்லை, கடைசியில் விழித்திரை. ஒளியை வளைக்கும் ஆற்றலை டயாப்டர் என்னும் அளவால் குறிப்பர். இணையாக வரும் கதிர்களை 1 மீட்டர் தொலைவில் குவிக்கும் வில்லையின் ஆற்றல் 1 டயாப்டர். இயல்பான கண்ணின் மொத்த ஆற்றல் சுமார் 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 43 டயாப்டர் அளவு, கருவிழிப் படலத்தினுடையது. எஞ்சியதே வில்லையின் பங்கு. ஒளியை வளைப்பதெல்லாம் வில்லையின் வேலை என்று நாம் பள்ளியில் எண்ணிக்கொண்டது சரியன்று.

மிகத் தொலைவிலுள்ள பொருளிலிருந்து வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வந்து சேர்கின்றன. இயல்பான கண், தசை எதுவும் உழைக்காமல் ஓய்ந்திருக்கும் நிலையிலேயே, அவ்விணைக் கதிர்களைச் சரியாக விழித்திரையின் மேல் குவிக்கின்றது. கண்ணின் நீளமும் அதன் ஆற்றலும் ஒன்றற்கொன்று அளவொத்து அமைவதே இதற்குக் காரணம். நீளம் 1 மில்லிமீட்டர் கூடினாலும் குவியம் விழித்திரைக்கு முன்னே விழுந்து, ஏறக்குறைய 3 டயாப்டர் கிட்டப்பார்வை உண்டாகும். நீளம் குறைந்தால் குவியம் பின்னே தள்ளிப்போய்த் தூரப்பார்வை என்னும் குறை ஏற்படும். நெசவாளன் பாவின் நீளத்தை அளப்பதைக் காட்டிலும் நுண்ணிய அளவு இது.

அவ்வாறாயின் அண்மையிலுள்ளதைக் கண் எவ்வாறு காண்கின்றது? அருகிலுள்ள பொருளின் கதிர்கள் விரிந்து வருகின்றன. அவற்றைக் குவிக்க மிகுந்த ஆற்றல் வேண்டும். அக்கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்று பலர் வாதிட்டனர். கண் நீளுகின்றது என்றார் சிலர்; கருவிழிப் படலம் மேலும் வளைகின்றது என்றார் வேறு சிலர். 1800ஆம் ஆண்டில் லண்டனில் தாமஸ் யங் என்னும் இளம் மருத்துவர் இவ்வழக்கைத் தம் கண்ணிலேயே சோதித்துத் தீர்த்தார். நீர் நிரப்பிய சிறு குழாய் ஒன்றைத் தம் கண்ணோடு பொருத்தினார். நீரும் கருவிழிப் படலமும் ஒளியை வளைப்பதில் ஏறத்தாழ ஒத்தவை. ஆதலால் நீருக்குள் அப்படலத்தின் ஆற்றல் பெரும்பாலும் மறைந்துவிடும். இழந்த ஆற்றலுக்கு ஈடாகக் குழாயில் ஒரு கண்ணாடி வில்லையை வைத்தார். அப்பொழுதும் அவர் கண் தொலைவையும் அண்மையையும் மாறி மாறித் தெளிவாகக் கண்டது. எனவே மாறுவது கருவிழிப் படலம் அன்று. கண்ணை முன்னும் பின்னும் அழுத்திப் பிடித்துப் பார்த்தார், நீளமும் மாறவில்லை. எஞ்சியது வில்லை ஒன்றே. 1801இல் இம்முடிவு அச்சாயிற்று.

வில்லை எவ்வாறு மாறுகின்றது என்பதை 1855இல் ஜெர்மன் அறிஞர் எல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். வில்லையைச் சுற்றிலும் நுண்ணிய இழைகள் இழுத்துப் பிடித்துள்ளன. அவ்விழுப்பினால் வில்லை தட்டையாகின்றது, தொலைவு தெளிவாகின்றது. அருகே நோக்கும்போது சுற்றிலுமுள்ள சிலியரித் தசை சுருங்குகின்றது, இழைகள் தளர்கின்றன, வில்லை தன் இயல்பால் புடைத்து ஆற்றல் பெறுகின்றது. தொலைவை நோக்கும்போது தசை ஓய்கின்றது. அண்மையை நோக்கும்போது உழைக்கின்றது. கட்சால் முதியவர் தம் வாழ்நாளில் கண்டறிந்ததை அறிவியல் இவ்வாறு கூறுகின்றது. பால்வெட்டும் தொழிலாளி விடியுமுன் தலைவிளக்குடன் மரத்தை அணுகி, உள்மரத்தில் காயம் படாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஒவ்வொரு மரத்தின் முன்னும் அச்சிறு தசை சுருங்கியிருக்கும். வேலை முடிந்து கடலை நோக்கி அமர்ந்த பொழுதில்தான் அதற்கு ஓய்வு.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரப் பேராசிரியர் டாண்டர்ஸ் 1864இல் தம் பெருநூலை வெளியிட்டார். இயல்பான கண்ணுக்கு ஒரு பெயரை அவரே சூட்டினார். கிரேக்கச் சொற்களால் ஆன அப்பெயருக்கு ‘அளவொத்த கண்’ என்று பொருள் கொள்ளலாம். வயது ஏற ஏற வில்லை இறுகி, புடைக்கும் திறன் குறைவதையும் அவர் அளந்து பட்டியலிட்டார். பத்து வயதில் அத்திறன் ஏறக்குறைய 14 டயாப்டர். நாற்பதில் 5ஐ ஒட்டியது. அறுபதில் 1 தான். ஆகவே வெள்ளெழுத்து நோயன்று. நரையைப் போல எல்லார்க்கும் வருவது. அதே நகரில் அவருடன் பணியாற்றிய ஸ்நெல்லன் 1862இல் எழுத்துப் பலகையை அமைத்தார். கண் மருத்துவமனைச் சுவரில் நாம் காணும் பலகையின் மூலம் அதுவே. 6/6 என்று மருத்துவர் எழுதினால், நலமான கண் 6 மீட்டரில் படிக்கும் வரியை நாமும் 6 மீட்டரில் படித்தோம் என்று பொருள். 6/60 எனில், நலமான கண் 60 மீட்டரிலேயே படிப்பதை நாம் 6 மீட்டருக்கு நெருங்கித்தான் படிக்கிறோம் என்று பொருள்.

இவ்வறிவு தமிழகத்தை எட்டிய வரலாறும் பெருமைக்குரியதே. சென்னையில் 1819இலேயே கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. எழும்பூரில் இன்றும் அது பணியாற்றுகின்றது. அதே காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் ஆதரவில் கண்நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. அக்குறிப்புகள் கண்களின் ஓவியங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. கடல் கடந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. உடலின் உறுப்புகளைப் பற்றித் தமிழில் எழுத இயலுமா என்று கேட்போருக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விடை அளிக்கப்பட்டுவிட்டது.

யங் நீர்க்குழாயில் கண்ட உண்மை, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்தமான் கடலிலேயே மற்றொரு முறை வெளிப்பட்டது. கட்சாலுக்குக் கிழக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் அப்பால், தாய்லாந்தின் சூரின் தீவுகளில் மோக்கன் என்னும் கடலோடி மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் குழந்தைகள் கண்ணாடி ஏதுமின்றிக் கடலுள் மூழ்கிச் சிப்பியும் பிறவும் பொறுக்குவர். நீருக்குள் கருவிழிப் படலத்தின் ஆற்றல் மறைவதால் நமக்கு எல்லாம் மங்கலாகவே தோன்றும். 2003இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் வெளியிட்ட ஆய்வில், மோக்கன் சிறுவர் ஐரோப்பியச் சிறுவரைவிட இரு மடங்குக்கும் மேலாக நீருக்குள் நுண்மையாகக் கண்டனர். அவர்கள் கண்ணின் அமைப்பு வேறன்று. நீருள் நோக்கும்போது கண்மணியை ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, வில்லையைத் தம் திறனின் எல்லைவரை புடைக்கச் செய்தனர். பின்னர் ஐரோப்பியச் சிறுவருக்குப் பயிற்சியளித்தபோது அவர்களும் அதனைக் கற்றனர். எல்லார்க்கும் பொதுவான கண், வாழும் இடத்துக்கேற்பப் பழகிக்கொள்கின்றது.

இங்குத்தான், வெளிமாநிலங்களில் குடும்பத்துடன் வாழும் நம் நேயர்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி உள்ளது. அளவொத்த கண் பெரும்பாலும் பிறவியிலேயே கிட்டுவதன்று. பிறந்த குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர் நீளமே உடையது; அதன் குவியம் விழித்திரைக்குப் பின்னே விழும். வளரும் ஆண்டுகளில் கண் சிறுகச் சிறுக நீண்டு, அளவு பொருந்தியதும் நிற்க வேண்டும். நிற்காமல் மேலும் நீண்டால் கிட்டப்பார்வை. வெளிச்சம் மிகுந்த திறந்த வெளியில் நாள்தோறும் பொழுது போக்கும் குழந்தைகளுக்கு இக்குறை குறைவாக வருகின்றது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில், ஆறு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் வெளியில் கூடுதலாகச் செலவிட வாய்ப்பளித்தனர். மூன்றாண்டு முடிவில், புதிதாகக் கிட்டப்பார்வை அடைந்தோர் மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு, இப்பள்ளிகளில் 30.4 விழுக்காடு. 2015இல் இம்முடிவு வெளிவந்தது.

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடியில் இரண்டு அறைகளுக்குள் நம் குழந்தைகள் வளர்கின்றனர். எதிர்ச் சுவரே அவர்களுடைய அடிவானம். பள்ளிப் பாடம் ஒன்று, வீட்டில் நாம் சொல்லித்தரும் தமிழ் ஒன்று, கைபேசி ஒன்று என அச்சிறு தசைக்கு ஓயாத வேலை. தமிழெழுத்தை அவர்கள் மறந்துவிடலாகாதே என்று மாலைப் பொழுதிலும் நாம் புத்தகத்தின் முன் உட்கார வைக்கிறோம். எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்ற வள்ளுவரின் கருத்தை எடுத்துக்காட்டும் நாம், மெய்யான இரு கண்களையும் எண்ண வேண்டும். பாடத்தை விடியொளியில் மாடியில் நடத்தலாம். கதையைப் பூங்காவில் நடந்துகொண்டே சொல்லலாம். குறை வந்துவிட்டால் கண்ணாடி அணிவிக்கத் தயங்கலாகாது. கண்ணாடி அணியாதிருந்தால் குறை தானே தீரும் என்பது வீண் நம்பிக்கை. ஞாயிற்றை நேரே நோக்கிக் கண்ணுக்குப் பயிற்சி தருவதாகச் சிலர் சொல்வதையும் கேட்க வேண்டா. அது விழித்திரையைச் சுட்டுவிடும்.

மீண்டும் கட்சாலுக்கு வருவோம். 2000இன் முதற் கதிரை அத்தீவில் கண்டவர்களுள் பலர், ஐந்தாண்டு நிறைவதற்குள் மறைந்தனர். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அத்தீவைப் போல் வேறு சில இடங்களையே அத்துணைக் கொடுமையாகத் தாக்கியது. 2001இன் கணக்கெடுப்பில் 5,312ஆக இருந்த மக்கள் தொகை, 2011இல் 2,685. “அதற்குப் பிறகு இரண்டு வருடம் இந்தப் பக்கமே நான் முகத்தைத் திருப்பவில்லை ஐயா” என்றார் முதியவர். அவர் கண்ணில் குறை எதுவும் இருக்கவில்லை. அடிவானத்தின் கதிர்கள் அவ்விரண்டாண்டுகளிலும் அவர் விழித்திரையில் சரியாகவே குவிந்திருக்கும். காண்பதற்குக் கண் மட்டும் போதாது.

பிறகு மெல்ல மெல்லத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதாகச் சொன்னார். பேத்தி பிறந்து நடக்கக் கற்றதும் அவளை அழைத்துக்கொண்டு நாள்தோறும் கடற்கரைக்கு வந்தாராம். நாம் அங்கிருந்தபோது அச்சிறுமி, கூடலூர்ப் பாட்டி கேட்டிருந்த நலமெல்லாம் படித்து முடித்துக் கடிதத்தை மடித்தாள். மடித்த கையோடு தலையை உயர்த்தி, “அதோ கப்பல்” என்றாள். நாமும் நோக்கினோம், முதியவரும் நோக்கினார். நம்மை ஏற்றிச் செல்ல வரும் கப்பல் வடக்கே ஒரு புள்ளியாகத் தெரிந்தது. மூவர் கண்களுக்கும் அது ஒரே தெளிவுடன் தெரிந்தது.